அனுபோகதாரர் பெயர்

புல எண் முந்நூற்றுப் பதினேழு.
அ-பதிவேட்டில் தரிசு.
அதன் கீழே யாரோ பழைய பேனாவில்
கல்லாங்குத்து என்று எழுதி
அடிக்கோடும் போட்டிருக்கிறார்கள்.
கிழக்கே ஊமைச்சிக் கரடு, மேற்கே வண்டிப்பாதை.
மேலூர்ச் சாலையிலிருந்து பார்த்தால்
வெயில் மட்டும் குடியிருக்கிற இடம்.

குத்தகை கேட்டு மனு வந்திருந்தது.
கல்லுக்கு.
நான் எழுத வேண்டியது ஒரே ஒரு சொல்:
ஆட்சேபனை உண்டு, அல்லது இல்லை.

தலையாரி சோணைமுத்து
அளவுச் சங்கிலியை இழுத்துக்கொண்டு முன்னால் போனார்.
உசிலம்புதர் தாண்டி நின்றுவிட்டார்.
"அம்மா, இங்கன நமக்கு முன்னாடியே
ஒருத்தன் அளந்துட்டுப் போயிருக்கான்."

புழுதியில் ஒரு கோடு.
பாம்பு போனதென்றால் நெளிந்திருக்கும்.
இது கனத்த வாலை இழுத்த கோடு.
இரண்டு பக்கமும் நகத்தை மடக்கி ஊன்றிய பள்ளம்.
கோடு முடிகிற இடத்தில் பிளந்த கரையான் புற்று,
உள்ளே ஈரம் இன்னும் காயவில்லை.

அலுங்கு, என்றார் சோணைமுத்து,
சாமி இறங்கியவர் பக்கத்தில் பேசுகிற குரலில்.

இத்தனை வயதுக்கு
எத்தனை முறை சொல்லியிருப்பேன்
அலுங்காமல் குலுங்காமல் என்று,
பால்குடத்துக்கு, பிள்ளைத்தாய்ச்சிக்கு,
பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுபோன முட்டைக்கு.
அந்தச் சொல்லுக்குள் சுருண்டு கிடந்ததை
ஒரு நாளும் பார்த்ததில்லை.
அன்றைக்கும் பார்க்கவில்லை.

ராத்திரி போனேன்,
தாலுகா ஆபீசில் வேலை என்று வீட்டில் பொய் சொல்லி.
பாறை பகல் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தது.
தூரத்தில் வேறு ஊர்க் குவாரியின் விளக்கு,
மலை இருந்த இடத்தில்
சதுரமாகத் தண்ணீர்.
இரண்டு மணிக்கு எங்கோ சருகு நொறுங்கியது.
டார்ச்சைத் திருப்பினேன். வெளிச்சத்தில்
இரண்டு பூச்சி, ஒரு பீடித்துண்டு.

எனக்கு முன்னால் வேறு யாரோ
இதே பாறையில் காத்திருந்திருக்கிறார்கள்.

எழுதினால் இந்தத் தாள் பத்து மேசை தாண்டும்.
பத்தில் ஒரு மேசைக்குத் தெரியும்
செதில் கிலோ என்ன விலையென்று.
எழுதாவிட்டால் வெடிமருந்து.
அந்தச் செதில்தான் என்ன?
ஞாயிற்றுக்கிழமை காலையில்
நான் வெட்டி எறிகிற நகம்.
ஆபத்தென்றால் சுருண்டுகொள்ளும்.
சிறுத்தை வரைக்கும் அந்த வித்தை செல்லும்.
கோணிப்பைக்குச் சுருண்டது இன்னும் வசதி.

விடிந்ததும் பேனாவை எடுத்தேன்.
அனுபோகதாரர் பெயர்: அலுங்கு.
தகப்பன் பெயர்: தெரியவில்லை.
எவ்வளவு காலமாக: கிராமம் ஏற்படுவதற்கு முன்பிருந்து.
தீர்வை: கரையான் கணக்கில் செலுத்தி வருகிறது.
ஆட்சேபனை: உண்டு.

தாசில்தார் போனில் முதலில் சிரித்தார்.
பிறகு சிரிக்கவில்லை.
"வளை எங்கன்னு காட்டுங்கம்மா.
அதைச் சுத்திப் பத்துக்குப் பத்து வேலி போட்டுருவோம்.
மிச்சத்தை விட்டுரலாம்ல?"

வளை எங்கேயென்று எனக்குத் தெரியாது சார்.
தெரிந்தாலும் எழுத மாட்டேன்.
ராத்திரி அது நடக்கிற தூரம்தான் அதன் வீடு.
கரடு, ஓடை, உசிலை, புற்று,
புற்றுக்குள் இருக்கிற அத்தனை வாய்.
நான்கு மாலுக்குள் எங்கோ என்று
வைத்துக்கொள்ளுங்கள்.

மனு திரும்ப வரும், வேறு பெயரில்.
எனக்கு மாறுதல் உத்தரவும் வரலாம்,
திருமங்கலத்துக்கோ, அதற்கும் அப்பாலோ.
கைப்பையில் தண்ணீர் பாட்டிலோடு
பதிவேட்டின் நகல் ஒன்றையும் வைத்திருக்கிறேன்.

நேற்று சோணைமுத்து வந்தார்.
ஒரு தூறல் விழுந்து மண் அடங்கியதும்
புதுக்கோடு ஒன்று ஓடைப் பக்கம் போகிறதாம்.
"முந்தினதை விட அழுத்தமா இருக்கும்மா.
வாலுல என்னமோ ஏத்திக்கிட்டுப் போயிருக்கு."

இதை மட்டும்
எந்தக் கட்டத்திலும் நான் எழுதவில்லை.